மகள் படிப்பை நிறுத்திவிட்டு மகனுக்கு போர்ச்சுகலா?

கேள்வி: துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பது வியாசர்பாடியில். என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். ஃபுட்பாலில் மிட்ஃபீல்டர். ஜூனியர் மாநில அணி கேம்ப் வரை போய் வந்திருக்கிறான். அவன் ஆட்டத்தை வீடியோவில் பார்த்த ஏஜென்ட் ஒருவர், நான்கரை லட்சம் கட்டினால் போர்ச்சுகல் கிளப் ஒன்றில் மூன்று மாதப் பயிற்சி, முடிந்ததும் கான்ட்ராக்ட் நிச்சயம் என்கிறார். ‘பெல்லிங்காம் 17 வயதில் வெளிநாடு போகவில்லையா?’ என்று கேட்கிறார். 20 ஆயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதிக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க யோசனை. மனைவி பயப்படுகிறாள். பெரியவள் பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்று வீட்டில் இருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு முட்டை அவித்துக் கொடுப்பது முதல் ஜெர்சி துவைப்பது வரை தம்பியை அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். அவளுக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. துணிந்து இறங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: போர்ச்சுகல் கொஞ்சம் பொறுக்கட்டும். உங்கள் பெண் ஏன் படிப்பை நிறுத்தினாள்?

நீங்கள் காரணம் எழுதவில்லை. உடம்பு சரியில்லை என்றால் எழுதியிருப்பீர்கள். அரியர் என்றால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். பெண் பிள்ளையின் அரியரை மறைக்கிற அப்பாக்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆக, பணம்தான். மூன்று வருஷப் படிப்பில் இரண்டை முடித்தவளை கடைசி வருஷத்து வாசலில் உட்கார வைத்திருக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு 20 ஆயிரம் புரட்ட முடிந்திருக்கிறது. நம் ஊரில் எத்தனையோ கல்லூரிகளில் பி.காம். ஒரு வருஷ ஃபீஸ் அதற்குள் அடங்கிவிடும். அரசுக் கல்லூரி என்றால் பாக்கிகூட மிஞ்சும்.

வருத்தம் இல்லை என்று அவள் வாயால் சொன்னாளா, நீங்களாக முடிவு கட்டிக்கொண்டீர்களா? வீட்டில் காசு இல்லை என்று தெரிந்த பெண் வேறென்ன சொல்வாள்? காலையில் தம்பிக்கு முட்டை உரித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, கூடப் படித்தவர்கள் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதை அவள் பார்க்கிறாளா இல்லையா? அவளை உட்கார வைத்துக் கேட்டதே இல்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

பெற்றவனுக்கு இரண்டு பிள்ளையும் ஒன்று. இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து மனுஷி. ‘சூழ்நிலை’ என்ற பேச்செல்லாம் என்னிடம் எடுபடாது. ஒருத்தியின் பங்கை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்க அப்பாவுக்கு உரிமை கிடையாது. அந்தப் பையனுக்கும் இது நல்லதில்லை. அக்காவின் படிப்பையும் வீட்டுப் பத்திரத்தையும் தோளில் சுமந்துகொண்டு நடு மைதானத்தில் நிற்பவன் எப்படித் துணிந்து ஒரு பாஸ் போடுவான்? தப்பாகிவிடுமோ என்று பின்னாலேயே தட்டிக்கொண்டிருப்பான்.

இங்கிலாந்து மிட்ஃபீல்டர் பெல்லிங்காம் பேச்சை எடுத்த ஏஜென்ட் அந்த வீட்டுக் கதையை முழுசாகச் சொல்லவில்லை. 2020இல் ஜூட் பெல்லிங்காம் பர்மிங்காமிலிருந்து ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போனபோது அவனோடு போனது அம்மா. அப்பா இங்கிலாந்திலேயே தங்கினார். ஏன்? இளையவன் ஜோப் அங்கே இருந்தான், அவனுக்கும் ஒருவர் வேண்டும். அந்த அப்பா போலீஸ் சார்ஜென்ட். மூத்தவன் போன கையோடு வேலையை உதறிவிடவில்லை. ஜோப் பெல்லிங்காம் 2025இல் அதே டார்ட்மண்டில் சேர்ந்தான். மூத்தவனுக்கு முட்டை அவிக்க இளையவனை யாரும் வீட்டில் நிறுத்தி வைக்கவில்லை.

சரி, 17 வயதில் அவன் எப்படிப் போக முடிந்தது? 18 வயது ஆகாத பையனை வெளிநாட்டு கிளப் பதிவு செய்யக் கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே மாறும் 16, 17 வயதுப் பையன்களுக்குச் சலுகை உண்டு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டின் இடைக்காலம் 2020 டிசம்பர் வரை ஓடியதால் பெல்லிங்காம் அதில் போய்விட்டான். அதற்குப் பிறகு இங்கிலாந்துப் பையன்களுக்கே அந்த வழி அடைபட்டுவிட்டது. வியாசர்பாடிப் பையனுக்கு எங்கிருந்து வரும்? பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் நீங்கள் யார்டு வேலையை விட்டு லிஸ்பனில் குடியேறப் போவதில்லை. மூன்று மாதம் கழித்து மகனுக்கு கான்ட்ராக்ட் நிச்சயம் என்பது கலப்படமில்லாத பொய்.

இன்னொன்றும் சொல்கிறேன். 12 வயதிலிருந்து 21 வயது வரை ஒரு ஆட்டக்காரனை வளர்த்த கிளப்புகளுக்கு, அவனோடு முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடுகிற கிளப் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்பதும் ஃபிஃபா விதிதான். உண்மையிலேயே ஒருவனை விரும்புகிற கிளப் பணத்தை எடுத்து வைக்கும், அவன் அப்பாவிடம் பத்திரம் கேட்காது.

மிட்ஃபீல்டருக்கு அவசரமும் இல்லை. குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2018இல் ஜாம்ஷெட்பூர் அணிக்காக நாட்டின் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல். ஆட வந்தபோது 23 வயது தாண்டியாகிவிட்டது. எட்வின் சிட்னி வான்ஸ்பால் ‘சென்னையின் எஃப்.சி.’ கிளப்புக்கு வந்தது 2019இல், 26 வயதில். உங்கள் பேட்டையிலேயே வளர்ந்த தனபால் கணேஷைத் தெரியாமல் இருக்காது. 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.க்காக கோல் போட்டார், அந்த வாரமே அந்த அணி கோப்பையும் வென்றது. அடுத்த சீசனை முழங்கால் காயம் தின்றுவிட்டது. மேலே போவதற்கே இத்தனை வருஷம். போன பிறகும் கால் நம் பேச்சைக் கேட்கும் என்று உத்தரவாதம் இல்லை. காலை விடுங்கள், கிளப்புக்கே உத்தரவாதம் கிடையாது. 2018-19இல் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை ஜெயித்த சென்னை சிட்டி எஃப்.சி. இரண்டே வருஷத்தில் லீக்கை விட்டே காணாமல் போனது. 2025இல் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டு, சென்னையின் எஃப்.சி. உட்படச் சில கிளப்புகள் வேலையை நிறுத்தின. இதை நம்பியா வீட்டை அடகு வைப்பீர்கள்?

பையன் ஆடட்டும். நான் ஆட்டத்துக்கு எதிரி இல்லை. உள்ளூர் கிளப், மாநில அணி, பிளஸ் டூ, அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி என்று போகட்டும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் படிப்புத் தகுதி கேட்பார்கள். ஜெர்சியை அவனே துவைத்துக்கொள்வான். தொண்ணூறு நிமிஷம் ஓடுகிறவனுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் பாரமில்லை.

பெண்ணை அழைத்துக்கொண்டு இந்த வாரமே கல்லூரி முதல்வரைப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து மூன்றாம் வருஷத்தில் சேர என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்தவள் என்றால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்குமா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். அவள் சார்பில் நீங்கள் பேச வேண்டாம், அவளே பேசட்டும்.

ஏஜென்டிடம் ஃபிஃபா உரிம எண்ணைக் கேளுங்கள். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையதளத்திலேயே இருக்கிறது, மகனே தேடிப் பார்த்துவிடுவான். 20 ஆயிரத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்றைக்கூட அழிக்காமல் எடுத்துக்கொண்டு போய் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிப்போங்கள். உங்கள் வீட்டில் முதலில் பயப்பட்டது அவர்தான்.