மாத்திரை போட்டால்தான் பீரியட்ஸ் வருகிறது... கரு தங்குமா?

கேள்வி: வயது 27. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை) இருக்கிறது. மாதவிடாய் 45 நாளுக்கோ 60 நாளுக்கோ ஒருமுறைதான் வருகிறது. ரொம்பவும் தள்ளிப்போனால் மாத்திரை போட்டு வரவழைக்கிறேன். 14-ம் நாளை ஒட்டி உறவு வைத்தும் கரு தங்கவில்லை. என்ன செய்வது?

பதில்: தங்கும். ஆனால் 14-ம் நாள் கணக்கை விட்டுவிடுங்கள். அது 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர்களுக்கான கணக்கு. அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்புதான் கருமுட்டை வெளியாகும். 45 நாள் சுழற்சியில் அது 31-ம் நாள், 60 நாள் என்றால் 46-ம் நாள். அதுவும் முட்டை வெளியானால்தான். பிசிஓஎஸ்ஸில் இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடுவதால், முட்டைப்பைகள் (சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பைகள்) வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படுபவை இவைதான். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியவை அல்ல. முட்டை வெளியேறத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனும் பலருக்கு உயர்ந்தே இருக்கும். அதனால், சிறுநீரில் அந்த ஹார்மோனைப் பார்க்கக் கடையில் வாங்கும் ஓவுலேஷன் கிட், முட்டை வெளியாகாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். இப்போதைக்கு 2-3 நாளுக்கு ஒருமுறை உறவு வைத்தாலே போதும்.

மாத்திரையை நிறுத்தியதும் வரும் உதிரப்போக்கு, முட்டை வெளியானதற்கு அடையாளம் அல்ல. ஆனாலும் அந்த மாத்திரை தேவை. 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராமலே விட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். காலப்போக்கில் புற்றுநோய் அபாயமும் உண்டு. ஒவ்வொரு முறை போடும் முன்பும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இனியும் காத்திருக்க வேண்டாம். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்யுங்கள். 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டுக் கணவருக்கு விந்துப் பரிசோதனையும் அவசியம். நம் வீடுகளில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். மனைவி வீணாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுவது அதனால்தான்.

முட்டை வெளியாக முதலில் தரும் மருந்து லெட்ரோசோல். மாதவிடாயின் 2 அல்லது 3-ம் நாளிலிருந்து தினமும் 2.5 மி.கி. வீதம் 5 நாள், மருத்துவர் சொன்னால் மட்டும். அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. முட்டை வெளியாகத் தரும் இன்னொரு மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம். 10-12-ம் நாளிலிருந்து ஸ்கேனில் பார்க்கும்போது முட்டைப்பை 18 மி.மீ.க்கு மேல் வளர்ந்தால் பலன் தெரிகிறது என்று பொருள். வளராவிட்டால் அடுத்த சுழற்சியில் அளவைக் கூட்டுவார்கள்.

உடல் எடை அதிகமென்றால் 5 சதவீதம் குறைந்தாலே, அதாவது 70 கிலோ இருப்பவர் மூன்றரை கிலோ குறைந்தாலே, பலருக்குச் சுழற்சி சீராகிவிடும். ஒல்லியாக இருந்தால் பட்டினி கிடக்காதீர்கள், அது முட்டை வளர்ச்சியை இன்னும் கெடுக்கும். ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்குங்கள். முட்டை சரியாக வெளியாகியும் சில சுழற்சிகளில் கரு தங்காவிட்டால், அடுத்து கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.