டு பாய்ஸ் நூலைத் தமிழில் வெளியிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1903-இல் வெளியிட்ட ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ நூலைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். வெளிநாட்டு உரிமை வாங்கித் தருவதாக ஒருவர் ரூ.40,000 கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? 1946-இல் அம்பேத்கரும் டு பாய்ஸும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அச்சிட்டு விற்க, இந்த நூலுக்கு வாங்க வேண்டிய உரிமை எதுவும் மிச்சமில்லை.

கணக்கு எளிது. எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். டு பாய்ஸ் கானாவின் அக்ரா நகரில் 27.8.1963 அன்று காலமானார். ஆகவே உரிமை 31.12.2023-உடன் முடிந்தது. பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து அவர் எழுதிய 1899 ஆய்வுநூலுக்கும் இதே கணக்குதான். ‘அமெரிக்கச் சட்டம் வேறு’ என்று அந்த இடைத்தரகர் பயமுறுத்துவார். அங்கேயும் 1903 நூலின் உரிமை எப்போதோ முடிந்துவிட்டது.

அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்றைய உரிமையாளர் யார்? அவர் உங்களுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம் எங்கே? பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இன்னாருடைய உரிமை முடிந்துவிட்டது என்று வாசகரே பார்த்துக்கொள்ள ஓர் அரசுப் பட்டியல் இருந்தால் இந்தப் பிழைப்பே நடக்காது. அதைச் செய்ய யாருக்கும் மனமில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்கென்று தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. பதிப்புரிமைப் பதிவும் கட்டாயமில்லை. எழுதி முடித்த அன்றே உங்கள் தமிழாக்கத்தின் உரிமை உங்களுடையது. பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது அதை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காத ஒப்பந்தம் சட்டப்படி 5 ஆண்டுக்குத்தான் செல்லும்.

எந்தப் பிரதியிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சிகாகோவின் ஏ. சி. மெக்ளர்க் நிறுவனம் வெளியிட்ட 1903 முதல் பதிப்பை வைத்துச் சரிபாருங்கள். 1953 பதிப்பில் டு பாய்ஸே சில சொற்களை மாற்றியிருக்கிறார். இப்போது கடைகளில் கிடைக்கும் பதிப்புகளின் முன்னுரையும் அடிக்குறிப்பும் வேறு ஆட்களுடையவை, அவற்றைத் தொடாதீர்கள். 14 அத்தியாயங்களின் தலைப்பிலும் அடிமைகள் பாடிய துயரப் பாடல்களின் இசைக்குறிப்பு இருக்கும். வெறும் எழுத்தாக இருக்கும் இணையப் பிரதிகளில் அது காணாமல் போய்விடும். கடைசி அத்தியாயமே அந்தப் பாடல்களைப் பற்றியதுதான். ஆகவே முதல் பதிப்பின் ஸ்கேன் பிரதியிலிருந்து எடுத்துக் கட்டாயம் அச்சிடுங்கள்.

கடிதங்கள் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். எழுதியவர் உயிரோடு இருந்தவரை அச்சில் வராத கடிதத்துக்கு, இறந்த ஆண்டை வைத்து எண்ணக் கூடாது. அது முதன்முதலில் எப்போது வெளியானதோ அதற்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. டு பாய்ஸின் கடிதங்கள் 1973 முதல் 1978 வரை மூன்று தொகுதிகளாக வந்தன. 1973-இல் முதலில் அச்சேறிய கடிதத்துக்கு 2033 கடைசிவரை உரிமை உண்டு. அம்பேத்கர் 1956-இல் மறைந்தார், அதனால் அவர் எழுதியது எல்லாம் பொதுச்சொத்து என்று நினைத்துப் பலர் இடறுவது இங்கேதான்.

இன்னொன்று. கடிதத் தாள் ஒருவரிடம் இருக்கும், உரிமை வேறொருவரிடம் இருக்கும். இந்த இரண்டு கடிதங்களும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் நூலகத்தில் டு பாய்ஸ் ஆவணங்களில் உள்ளன. தாளைப் பாதுகாப்பது நூலகம். அம்பேத்கர் எழுதியதற்கு உரிமை அவர் வாரிசுகள் பக்கம், டு பாய்ஸ் எழுதிய பதிலுக்கு அவர் வாரிசுகள் பக்கம். அதாவது இரண்டு தனித்தனி அனுமதி. நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, உரிமையாளர் யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதற்கும் தரகர் தேவையில்லை.

பதில் வரும்வரை புத்தகத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்கள் அனுப்பிய மனுவின் பிரதியை அம்பேத்கர் கேட்டதையும், 31.7.1946 அன்று டு பாய்ஸ் பதில் எழுதியதையும் உங்கள் முன்னுரையில் உங்கள் சொற்களிலேயே சொல்லலாம். செய்திக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அனுமதி கிடைத்தால் முழுக் கடிதங்களையும் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.