மெயினுக்கு முன்பே ஓட வேண்டுமா?

கேள்வி: சி மொழியில் மெயின் (நிரலின் முதன்மை ஃபங்ஷன்) தொடங்குமுன் ஒரு ஃபங்ஷனை ஓடவைத்தேன். அதையே ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள் (கம்பைல் செய்த கோப்புகளின் தொகுப்பு) வைத்ததும் ஓடவில்லையே, ஏன்?

பதில்: ஜிசிசி கம்பைலரில், மெயினுக்கு முன் ஓடவேண்டிய ஃபங்ஷனைக் குறிக்கும் கன்ஸ்ட்ரக்டர் அட்ரிபியூட்டைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் தவறில்லை, கோளாறு, கம்பைல் செய்த கோப்புகளை (ஆப்ஜெக்ட் கோப்புகள்) ஒரே நிரலாக இணைக்கும் லிங்க் கட்டத்தில். உங்கள் ஃபங்ஷன் இருக்கும் ஆப்ஜெக்ட் கோப்பிலுள்ள எந்தப் பெயரையும் மற்ற கோப்புகள் கேட்காவிட்டால், லிங்கர் அதை லைப்ரரியிலிருந்து எடுப்பதே இல்லை. எச்சரிக்கையும் வராது, அதுதான் கொடுமை. லைப்ரரியின் பெயருக்கு முன், அதை முழுவதுமாக எடுக்கச் சொல்லும் ஹோல்-ஆர்கைவ் ஆப்ஷனையும், பின் நோ-ஹோல்-ஆர்கைவையும் லிங்கருக்குக் கொடுங்கள்.

இப்படிப்பட்ட ஃபங்ஷன்கள் பல இருந்தால் முன்னுரிமை எண் தாருங்கள். சிறிய எண் முதலில் ஓடும். 100 வரையிலானவை கம்பைலருக்கே ஒதுக்கப்பட்டவை, 101இல் தொடங்குங்கள்.

ஆனால் மெயினுக்கு முன் ஓடும் ஃபங்ஷனில் பிழை நேர்ந்தால் மெயினிடம் திருப்பிச் சொல்ல நேர்வழி இல்லை. முடிந்தவரை அந்த ஃபங்ஷனை மெயினின் முதல் வரியிலேயே வெளிப்படையாக அழைத்துவிடுங்கள்.