சம்பந்தியம்மா கையில் ஒரு மர வாத்து

கேள்வி: சியோலில் பணியாற்றும் என் மகன் கொரியப் பெண் ஒருத்தியை மணக்கவிருக்கிறான். அவர்களுடைய பழைய முறைப்படி, துணியில் சுற்றிய மர வாத்து ஒன்றைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் விழுந்து வணங்க வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது இழுக்கு என்று என் அண்ணன் வருந்துகிறார். நான் சம்மதிக்கலாமா?

- ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி, மனம் நிறைந்து சம்மதியுங்கள். அந்த வணக்கம் எதற்கு என்று தெரிந்தால் உங்கள் அண்ணனின் வருத்தமும் தீரும்.

அது வீட்டில் வளர்க்கும் வாத்து அன்று. குளிர்காலத்தில் கொரியாவுக்கு வலசை வரும் காட்டு வாத்து. கொரியர் அதைக் 'கிரோகி' என்பர். ஒரு துணையோடு மட்டுமே வாழும், அத்துணை இறந்தபின் வேறொன்றைத் தேடாது என்று அவர்கள் போற்றும் பறவை அது. அன்றிலைப் பாடிய மொழியில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முற்காலத்தில் உயிருள்ள பறவையையே கொண்டுசென்றார்கள்; பின்னாளில் மரத்தில் செதுக்கியது அதன் இடத்துக்கு வந்தது. மணமகன் அதைச் சிறு மேசையொன்றின்மேல் வைத்து இரண்டு முறை வணங்க, பெண்ணின் தாய் அதைத் தன் பாவாடையில் ஏந்தி வீட்டுக்குள் எடுத்துச் செல்வார். உங்கள் பெண்ணைக் கடைசிவரை கைவிடமாட்டேன் என்று அவளைப் பெற்றவளிடம் கொடுக்கும் வாக்கு அது. அதில் உங்கள் மகன் எந்த விதத்திலும் தாழ்ந்துபோவதில்லை. மணமகனோடு அந்த வாத்தை ஏந்திச் செல்வதற்கென்றே ஒருவர் உண்டு. பெண் வீட்டாரிடம் கேட்டு, அந்தப் பொறுப்பை உங்கள் அண்ணனுக்கே வாங்கிக் கொடுங்கள்.

உங்களுக்கு உரிய சடங்கும் இருக்கிறது. 'பியேபேக்' என்னும் அந்நிகழ்வில் மணமக்கள் இருவரும் உங்கள் முன் மண்டியிட்டு, நெற்றி தாழ வணங்குவார்கள். அவர்கள் விரித்துப் பிடிக்கும் துணியில் நீங்கள் இலந்தைப் பழங்களையும் செஸ்ட்நட் கொட்டைகளையும் வீச வேண்டும். பிள்ளைப்பேறு வாய்க்க வேண்டும் என்ற வாழ்த்து அது. அந்தப் பழம் நம் இலந்தையின் இனம்தான், சற்றுப் பெரியது. வணங்கி எழுந்தவர்களுக்குக் கொடுக்க, உறையிலிட்ட பணத்தைக் கையோடு வைத்திருங்கள்.

தாலி கட்டுவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அது உங்கள் விருப்பமானால் இப்போதே சொல்லிவிடுங்கள். அங்குள்ள மண்டபத் திருமணங்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், கடைசி நேரத்தில் எதையும் சேர்க்க இயலாது. மண்டபத்தில் நடந்தால், தொடக்கத்தில் இரு தாய்மாரும் சேர்ந்து மேடையேறி மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அப்போது பெண்ணின் தாய் இளஞ்சிவப்புச் சாயலிலும் மணமகனின் தாய் நீலச் சாயலிலும் உடுத்துவது அவர்கள் வழக்கம். ஆகவே, பட்டு எடுக்கப் போகும்போது நீலத்தில் பாருங்கள்; எடுத்ததும் அதைப் படம் பிடித்துச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்புங்கள்.