மணல் நிலமும் வேம் பூஞ்சையும்

கேள்வி: எங்கள் தோட்டத்து மண் முழுக்க மணற்பாங்கானது, எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் மறுநாளே காய்ந்துவிடுகிறது. வேர் உட்பூசணம் எனப்படும் ‘வேம்’ (VAM, வேரோடு கூடி வாழும் பூஞ்சை) உரத்தைச் சாணக் குவியலில் கலந்து, ஒரு மாதம் மட்கவிட்டு, சூப்பர் பாஸ்பேட்டுடன் சேர்த்து நிலத்தில் இட்டேன். பிறகு முள்ளங்கி விதைத்தேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. எங்கே தவறு நேர்ந்தது?

பதில்: முள்ளங்கியிலிருந்தே தொடங்குகிறேன். கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கி ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேர்கள் வேம் பூஞ்சையோடு பொதுவாகக் கூட்டுச் சேர்வதில்லை. பீட்ரூட்டும் அப்படித்தான். ஆகவே நீங்கள் எவ்வளவு தரமான வேம் இட்டிருந்தாலும் இந்தப் பயிரில் பலனைப் பார்த்திருக்க முடியாது. மக்காச்சோளம், வெங்காயம், மிளகாய், பயறு வகைகள் இதை நன்றாக ஏற்கும்.

அடுத்தது, குவியலில் கலந்தது. வேம், மட்கைத் தின்று வாழும் பூஞ்சை அன்று. உயிருள்ள வேர் தரும் சர்க்கரையையும் கொழுப்பையும் கொண்டே வளர்கிறது. மட்கும் குவியலின் உட்புறம் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடும் என்பதால், வித்துகளில் பெரும்பகுதி அங்கேயே மடிந்திருக்கும். எஞ்சியவற்றுக்கும் சூப்பர் பாஸ்பேட் தடையாக இருந்திருக்கும். அந்த உரம் தரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கைக்கெட்டும் இடத்தில் தாராளமாகக் கிடைக்கும்போது செடி பூஞ்சைக்கு உணவு கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது.

மணலுக்கு நீரையும் சத்துகளையும் பிடித்துவைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. நீரோடு சேர்ந்து தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வேருக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. இதைக் குறைக்க முதலில் தேவை மட்குதான், பூஞ்சை மட்டும் போதாது. அதனால் நன்கு மட்கிய தொழுவுரத்தைச் சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ வரை மேல்மண்ணில் கலந்துவிடுங்கள். காற்றோட்டம் மிகுந்த மணலில், அதுவும் வெப்பமான இடங்களில், மட்கு விரைவில் சிதைந்துவிடும் என்பதால் ஒருமுறை இட்டதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு பருவத்திலும் இட வேண்டும். ஆனால் மட்காத மரத்தூளை மண்ணில் கலக்காதீர்கள். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மூடாக்காக மேலே பரப்பினால் பெரிய தீங்கில்லை.

மண் இவ்வாறு தயாரான பின்பு, வேம் உரத்தை விதைக்குச் சற்றுக் கீழே, முளைக்கும் வேர் தொடும்படி இடுங்கள். நாற்றங்காலிலேயே இடுவது இன்னும் நல்லது. மண்ணில் மணிச்சத்து எளிதில் நகராது. ஆகவே வேரைச் சுற்றிய ஓரிரு மில்லிமீட்டருக்குள் உள்ளது தீர்ந்ததும் செடி தவிக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிமனுள்ள பூஞ்சை இழைகள், வேர்த்தூவியும் நுழைய முடியாத இடுக்குகளைக் கடந்து சென்று அதைக் கொண்டுவருகின்றன. நன்கு வேரூன்றிய மக்காச்சோளச் செடியொன்றை மெல்லத் தோண்டி எடுத்து உதறிப் பாருங்கள். மணல் முழுவதும் உதிராமல் வேரைச் சுற்றி உறைபோல ஒட்டியிருக்கும். வேர்த்தூவியும் வேர் கசியும் பசையும் பூஞ்சை இழையும் சேர்ந்தே அந்த மணலைக் கட்டிவைத்திருக்கின்றன.

அறுவடைக்குப் பின் ஆழமாக உழுதால் இந்த இழைவலை அறுந்துபோகும், நிலத்தை வெறுமையாக விட்டால் பட்டினியால் மெலியும். எனவே மேலோட்டமாகக் கிளறி, உடனே பயறு ஒன்றை விதைத்துவிடுங்கள். முள்ளங்கியை அதற்கடுத்த பருவத்தில் வைத்துக்கொள்ளலாம்.