காலை ஆண்கள், மதியம் பெண்கள்: அந்த வித்தியாசத்தை எழுதலாமா?

ஆண்களிடம் காலை எட்டு மணிக்கும் பெண்களிடம் மதியம் மூன்று மணிக்கும் ரத்தம் எடுத்தீர்கள், பிளாஸ்மாவில் (ரத்தத்தை உறையவிடாமல் பிரித்த திரவத்தில்) பி.டி.என்.எஃப். என்ற, மூளை நரம்பணுக்களைப் பேணும் புரதம் ஆண்களுக்கு அதிகம் வந்திருக்கிறது. இதைப் பாலின வேறுபாடு என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதாதீர்கள். ஆண்களின் பிளாஸ்மாவில் இது காலையில் உச்சத்தில் இருந்து, இரவை நோக்கி இறங்குவதாக இத்தாலிய ஆய்வுக்குழு ஒன்று 2008இல் காட்டியது. ஆக, நீங்கள் அளந்தது பாலினமா கடிகாரமா என்று பிரிக்க வழியே இல்லை. பெண்களிடம் இன்னொரு சிக்கல்: மாதவிடாய்ச் சுழற்சி. கருமுட்டை வெளியான பிறகு வரும் நாட்களில் அளவு கூடுதல், முந்தைய நாட்களில் குறைவு. சுழற்சியின் எத்தனையாவது நாள், கருத்தடை மாத்திரை உண்டா என்று குறித்து வைத்தீர்களா? இல்லையென்றால் இப்போதே போன் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம், "மீதமிருக்கும் சீரத்தில் அளந்துகொள்ளலாமே" என்றும் எழுதியிருந்தீர்கள். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் திரவம்; அதில் எண் பல மடங்கு பெரிதாக வரும். காரணம் மூளை இல்லை, தட்டணுக்கள்! அவை இந்தப் புரதத்தைச் சேமித்து வைத்திருந்து, ரத்தம் உறையும்போது கொட்டிவிடும். பாதி பேருக்குச் சீரம், பாதி பேருக்குப் பிளாஸ்மா என்று கலந்தால் எல்லாம் வீண். நான் முதுகலையில் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தேன், இரண்டு மாதம் போனது.

முடிந்தால் பெண்களை மட்டுமாவது மறுபடி காலை எட்டு மணிக்கு, சுழற்சியின் முதல் வாரத்தில் வரச்சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அதே இ.டி.டி.ஏ. குழாய், பிளாஸ்மாவைப் பிரிக்க அதே சுழற்று வேகம், எடுத்ததும் பனிக்கட்டியில். வழிகாட்டியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.