வெறும் கண்ணாடித் தரைக்கு என்ன விரிப்பது?

கேள்வி: நாலடி நீளத் தொட்டியில் (120 × 45 × 45 செ.மீ.) ஆறு டிஸ்கஸ் மீனும், தரையில் மேயும் ஐந்து கோரிடோராஸ் மீனும் வளர்க்கிறேன். டிஸ்கஸில் மூன்று பிஜியன் பிளட் என்ற ஆரஞ்சு நிற வகை. சுத்தம் செய்வது சுலபம் என்று சொன்னார்களே என, பத்து நாளுக்கு முன் சரளைக் கல் முழுவதையும் ஒரே நாளில் அள்ளி வெளியே எடுத்துவிட்டேன். அப்போதிலிருந்து டிஸ்கஸ் எல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன, தீனிக்கும் சரியாக வருவதில்லை. அடியில் தெரியும் தங்கள் பிம்பத்தைப் பார்த்து மிரள்கின்றன என்று நினைக்கிறேன். வீட்டிலோ ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்கிறார்கள். கறுப்பு டைல்ஸ், பிளாஸ்டிக் ஷீட், பெரிய கூழாங்கல்: இந்த மூன்றில் எதைப் போடலாம்? தொட்டியைக் காலி செய்ய வழியில்லை.

பதில்: டைல்ஸ் வாங்கக் கிளம்பும் முன் மீன் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் தண்ணீரில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பிம்பம் இல்லை, ‘ஒரே நாளில்’ என்ற வார்த்தை. மீன் கழிவைச் செரித்துத் தந்த பாக்டீரியாவில் ஒரு பெரிய பங்கு அந்தச் சரளையில்தான் குடியிருந்தது. அதை மொத்தமாக அள்ளியதும் எல்லாச் சுமையும் ஃபில்டரின் தலையில் விழுந்திருக்கும். டிஸ்கஸுக்கோ 28 முதல் 30 டிகிரிச் சூடு, புரதம் மிகுந்த தீனி, எனவே கழிவும் அதிகம். அம்மோனியா ஏறினாலும் மீன் மூலையில்தான் ஒண்டும், தீனியைத்தான் மறுக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டில் எதுவும் பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் தினமும் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் ஃபில்டரில் ஓடி, பாக்டீரியா குடியேறிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதையும் உங்கள் ஃபில்டரில் சேருங்கள். அள்ளிய கல் பத்து நாளாக ஒரு வாளியில் கிடக்கிறது என்றால் அதை மட்டும் திரும்பக் கொட்டிவிடாதீர்கள்.

இரண்டும் பூஜ்யம் என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. தண்ணீருக்குள்ளிருந்து சாய்வாகப் பார்க்கும் மீனுக்கு அடிக்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகவே தெரியும். அடிக்கண்ணாடிக்கும் அதைத் தாங்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய காற்று இருப்பதுதான் காரணம். சாய்ந்து வரும் ஒளி அந்தக் காற்றின் விளிம்பில் பட்டு முழுவதும் உள்ளே திரும்பிவிடுகிறது. அதனால்தான் தொட்டிக்கு அடியில் தாளைச் செருகிவைத்தும் பலன் காணாமல் பலர் சலித்துக்கொள்கிறார்கள். பெயின்ட் போலக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால்தான் கண்ணாடித்தன்மை போகும். காலித் தொட்டியாக இருந்திருந்தால் ‘கவிழ்த்துப்போட்டு வெளிப்பக்கம் பெயின்ட் அடியுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அதைவிட நல்ல விரிப்பு கிடையாது, ஏனென்றால் அதற்கு அடியில் அழுக்கு போக முடியாது.

நீங்கள் உள்ளே போடப்போகும் எதையும் இந்த ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இதற்கு அடியில் அழுக்கு போகுமா, போனால் என்னால் எடுக்க முடியுமா?

பெரிய கூழாங்கல் இதில் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். சரளைக்குள்ளாவது அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயைக் குத்திக் கிளறலாம். முட்டை முட்டையாகக் கிடக்கும் கல்லுக்கு நடுவே விழுந்த தீனி அங்கேயே அழுகும்.

பிளாஸ்டிக் ஷீட்டில் நானே அடிபட்டிருக்கிறேன். பிவிசி ஃபோம் ஷீட் தண்ணீரில் மிதக்கும். காய் நறுக்கும் பலகைக்குப் பயன்படும் பாலிஎத்திலீனும் மிதக்கும், போதாக்குறைக்கு அதில் தொட்டி ஒட்டும் சிலிக்கோன் பசை ஒட்டாது. அக்ரிலிக் மூழ்கத்தான் செய்யும், ஆனால் தண்ணீரை உறிஞ்சி மெல்ல வளையும். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் என் தொட்டியில் ஷீட்டின் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதன் கீழே மூன்று வாரத் தீனி! அந்த நாற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆக, டைல்ஸ். பீங்கானோ விட்ரிஃபைடோ எதுவானாலும் சரி, தண்ணீரில் கரையாது. பளபளப்பானதை வாங்காதீர்கள், எந்தப் பிம்பத்துக்குப் பயந்தீர்களோ அதையே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். மேட் வகை போதும். மார்பிளும் சுண்ணாம்புக் கல்லும் வேண்டாம், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். கல்லைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள். பெயர்த்தெடுத்த பழைய டைல்ஸின் முதுகில் சிமெண்ட் ஒட்டியிருக்கும், அதுவும் ஆகாது.

அளவெடுக்கும்போது தொட்டியின் உள்ளளவை எடுங்கள். மூலையில் உருண்டு நிற்கும் சிலிக்கோனுக்கும் இடம் விட்டு, நாலு பக்கமும் அரை சென்டிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்வது முக்கியம், கூரான விளிம்பு தொட்டியின் சிலிக்கோனையே கிழித்துவிடும். துண்டுகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது, உங்கள் தொட்டிக்கு இரண்டு போதும். 8 மி.மீ. கனத்தில் இரண்டும் சேர்ந்து ஒன்பது கிலோவை ஒட்டி வரும், அதனால் ஒவ்வொன்றாக, கையால் தாங்கி இறக்குங்கள். ஈரத்தில் சிலிக்கோன் பிடிக்காது. எனவே ஒட்ட வேண்டாம், சும்மா படுக்கவையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு முனையைத் தூக்கி அடியில் சைஃபன் விடுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல் வரும் என்றால் டைல்ஸே வேண்டாம்.

இனி நிறம். கறுப்பு வேண்டவே வேண்டாம். மீன் தன்னைச் சுற்றியுள்ள நிறத்துக்கு ஏற்பத் தன் உடம்பின் கருமையைக் கூட்டும், குறைக்கும். பிஜியன் பிளட்டில் இது மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளியாக வெளிவரும். இருட்டான பின்னணியில் அந்தப் புள்ளிகள் அதிகமாகி, ஆசைப்பட்டு வாங்கிய ஆரஞ்சு அழுக்குப் பிடித்தது போலாகிவிடும். பளீர் வெள்ளையும் வேண்டாம், விளக்கொளியைத் திருப்பி அடித்து மீனை மிரட்டும். மணல் நிறமோ வெளிர் சாம்பலோ எடுங்கள். எச்சம் கண்ணுக்குத் தெரியும், உடனே உறிஞ்சி எடுக்கலாம்.

ஐந்து கோரிடோராஸை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். மண்ணை வாயில் அள்ளிச் செவுள் வழியே துப்புவதுதான் அவற்றின் பிழைப்பு. பரந்த கண்ணாடித் தட்டு ஒன்றில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு, உருண்ட மணிகளுள்ள நைஸ் மணலைக் கழுவிக் கொட்டி, டைல்ஸ் மேல் ஒரு மூலையில் வையுங்கள். வாரம் ஒருமுறை தட்டை அப்படியே எடுத்து மணலை அலசலாம். பக்கத்தில் நன்றாக ஊறிய மரக்கட்டை ஒன்று நின்றால் டிஸ்கஸுக்கு மறைவு கிடைக்கும், ஆஸ்பத்திரி என்ற பேச்சும் அடங்கும்.

தொட்டி முழுக்கவே ஒரு சென்டிமீட்டருக்குள் மணல் பரப்பலாமே என்று கேட்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் தினமும் தண்ணீர் மாற்றும் டிஸ்கஸ் தொட்டியில் அந்த மணல் பாதி சைஃபனோடு வாளிக்குப் போய்விடும்.

டைல்ஸ் இறக்கும் அன்று விளக்கைப் போடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கோரிடோராஸ் தட்டு மணலை வாரி வெளியே இறைத்திருக்கும். திட்டாமல் சைஃபனால் எடுத்து, அலசி, திரும்பத் தட்டிலேயே கொட்டுங்கள்.